சபை மலரில் தொடங்குங்கள்: சென்னையில் கிறிஸ்தவ ஆய்வுக்குப் புதிதாக வருவோருக்கு

"ஆசியக் கிறிஸ்தவம் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன்" என்று சொல்பவரிடம் "எந்தத் தெருவில்?" என்று கேட்பது என் வழக்கம். கிண்டலுக்குக் கேட்பதில்லை. சென்னையை மட்டும் எடுத்துக்கொண்டாலே, 1516 என்று கல்வெட்டு சொல்லும் லஸ் கோயில் இருக்கிறது. 1680-இல் கோட்டைக்குள் எழுந்த புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. பரங்கிமலையில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து பொறித்த பழைய சிலுவை இருக்கிறது. இரும்புலியூரில் பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையகம் இருக்கிறது. பெயர்ப்பலகைகூட இல்லாமல் மாடி அறைகளில் கூடும் சபைகளுக்குக் கணக்கே இல்லை. இத்தனையையும் ஒரே ஆய்வேட்டில் அடக்கப் பார்ப்பவர்கள், மூன்றாம் ஆண்டில் தலைப்பை மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர், சொந்தச் சபையின் வரலாற்றை எழுத ஆசைப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர், ஒரு நீண்ட கட்டுரைக்காக அலையும் பத்திரிகையாளர் என யாருக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். நீங்கள் கிறிஸ்தவரா இல்லையா என்பது பொருட்டில்லை. இரண்டுக்கும் தனித்தனித் தொல்லைகள் உண்டு, அவ்வளவுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று பெரும்பாலோர் இணையத்தில் கிடைக்கும் மிஷனரி அறிக்கைகளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கைக்கு எளிதாகக் கிடைப்பவை அவைதான். ஆனால் அவை கடல் கடந்த நன்கொடையாளர்களுக்காக எழுதப்பட்டவை. அங்கே தொடங்கினால் உங்கள் கேள்வியும் மெல்ல மெல்ல அவர்களுடைய கேள்வியாகிவிடும்: எத்தனை பேர் மனம் மாறினார்கள், எத்தனை பள்ளி திறந்தார்கள். சபை மலர் (விழாக்களையொட்டிச் சபை போடும் சிறப்பு வெளியீடு) போன்ற உள்ளூர்த் தாள்களில் தொடங்கி, கேள்வி கெட்டியான பிறகு அந்த அறிக்கைகளுக்குப் போங்கள். கீழே வரும் படிகள் அந்த வரிசையில்தான் அமைந்திருக்கின்றன.

முதல் படி: கேள்வியைச் சுருக்குவது

"சென்னையில் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வளர்ச்சி" என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அது புத்தக அலமாரியில் ஒரு தட்டின் பெயர். மாறாக, அர்மீனியன் தெரு அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் வரும் இந்துக் குடும்பங்கள் அங்கே என்ன செய்கிறார்கள், அதைக் கோயிலின் பங்கு (கத்தோலிக்க உள்ளூர்ச் சபை) நிர்வாகம் எப்படிப் பார்க்கிறது என்பது கேள்வி. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஒரு புறநகரில் எப்படிச் சபை அமைத்தார்கள், இடம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கேள்வி.

கேள்வி சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆட்கள் யார், தாள்கள் எவை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லையென்றால் இன்னும் சுருக்க வேண்டும்.

இரண்டாம் படி: சபையின் பூர்வீகம்

இதைச் செய்யாமல் நூலகத்துக்குப் போவது வீண் அலைச்சல். ஒரு சபையின் பழைய தாள்கள் எங்கே இருக்கும் என்பதை அதன் பூர்வீகம்தான் தீர்மானிக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. ஆங்கிலிக்கன் சபை, மெதடிஸ்ட் சபை, பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908-இல் சேர்ந்து அமைத்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை ஆகிய மூன்றும் அன்று ஒன்றாயின. ஆகவே இன்று வாசலில் ஒரே பலகை தொங்கினாலும், ஒவ்வொரு ஆலயத்தின் முன்கதையும் வேறு. ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் மெதடிஸ்ட் வழி வந்தது. அதன் மிஷன் தாள்களை லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரி நூலகத்தில் தேட வேண்டும். லண்டன் மிஷன் சங்கத்தின் தாள்களும் அதே இடத்தில்தான் உள்ளன. எழும்பூரின் புனித ஆண்ட்ரு ஆலயமும் பாரிமுனையின் ஆண்டர்சன் ஆலயமும் ஸ்காட்லாந்து வழி வந்தவை. எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் தேடுங்கள். ஆங்கிலிக்கன் என்றால் அதிலும் இரண்டு கிளை உண்டு. எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) தாள்கள் ஆக்ஸ்போர்டிலும் சி.எம்.எஸ். (திருச்சபை மிஷனரி சங்கம்) தாள்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திலும் இருக்கின்றன. அமெரிக்க மிஷன் என்றால் ஹார்வர்டு. லுத்தரன் வழி என்றால் கீழ்ப்பாக்கம் குருகுலம் இறையியல் கல்லூரியும், பழைய லுத்தரன் மிஷன் தாள்கள் உள்ள ஜெர்மனியின் ஹாலே நகரமும்.

கத்தோலிக்கத் தரப்பிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். சென்னை நகருக்குள் நெடுங்காலம் இரண்டு அதிகாரங்கள் இருந்தன. ஒன்று போர்ச்சுகல் அரசரின் ஆதரவுரிமையில், 1606-இல் ஏற்பட்ட சாந்தோம் மயிலாப்பூர் மறைமாவட்டம். மற்றொன்று ரோமின் நேரடிப் பொறுப்பில், அர்மீனியன் தெருவை மையமாகக் கொண்ட மதராஸ் ஆட்சி. 1952-இல்தான் இரண்டும் சேர்ந்து சென்னை மயிலாப்பூர் உயர்மறைமாவட்டம் ஆனது. நீங்கள் படிக்கும் பங்கு 1952-க்கு முன் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியாவிட்டால், போர்ச்சுகீசியத் தாள்களைத் தேட வேண்டிய இடத்தில் ஆங்கிலத் தாள்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இயேசு சபையார் நடத்திய பங்குகளென்றால் கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் அவர்களுடைய ஆவணக் காப்பகம் இருக்கிறது.

எந்தப் பெரிய திருச்சபையையும் சேராத சுயாதீன சபைகளுக்கு இந்த மாதிரிப் பூர்வீகத் தாள் கிடையாது. அங்கே நிறுவனரின் குடும்பம்தான் ஆவணக் காப்பகம். அந்தக் குடும்பத்தில் வாரிசுத் தகராறு இருந்தால், இரண்டு தரப்பிடமும் போய்க் கேளுங்கள். ஒரு தரப்போடு மட்டும் காபி குடித்துவிட்டு வந்து எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: சபை மலர்

பொன்விழா, நூற்றாண்டு விழா, புதிய ஆலயப் பிரதிஷ்டை என்று ஒவ்வொரு சபையும் எப்போதாவது ஒரு மலர் போட்டிருக்கும். பளபளக்கும் அட்டை, உள்ளே பேராயரின் வாழ்த்துரை, பழைய போதகர்களின் மங்கலான படங்கள். ஆய்வாளர்கள் இதை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு ஓரமாக வைத்துவிடுகிறார்கள். என் கணிப்பில் சென்னைச் சபைகளைப் பற்றிய ஆய்வுக்கு இதைவிட மலிவான, செழிப்பான மூலம் வேறில்லை. படிக்கும் முறைதான் முக்கியம்.

வாழ்த்துரைகளில் சொல்லப்பட்டதை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். பேராயருக்கு அடுத்து யார் வருகிறார்கள்? சட்டமன்ற உறுப்பினரா, கல்லூரி முதல்வரா, வெளிநாட்டில் வாழும் சபையாரா? அடுத்து போதகர் பட்டியல். பெயருக்கு எதிரே ஆண்டுகள் இருக்கும். அதில் இரண்டு மூன்று ஆண்டு இடைவெளி தெரிந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பின்னால் ஒரு சண்டையோ வழக்கோ பிரிந்துபோன ஒரு கூட்டமோ இருக்கும். மலர் அதைச் சொல்லாது. ஆனால் எந்த ஆண்டைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் நன்கொடையாளர் பட்டியல். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதோடு, பெண்கள் சொந்தப் பெயரில் வருகிறார்களா, "திருமதி" போட்டுக் கணவர் பெயரில் வருகிறார்களா என்று பாருங்கள். பழைய மலருக்கும் புதிய மலருக்கும் இதில் உள்ள வேறுபாடே ஓர் அத்தியாயத்துக்குப் போதும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பின்பக்க விளம்பரங்கள். நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் ஆம்னி பஸ் விடும் டிராவல்ஸ், அச்சகம், டியூஷன் சென்டர், நகைக்கடை, வீட்டுமனைத் தரகர், சவப்பெட்டிக் கடை. இவற்றில் பல சபையாரே நடத்தும் தொழில்கள். சபையார் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எந்தப் பேட்டையில் குடியிருக்கிறார்கள் என்பதையெல்லாம் எந்தக் கேள்வித்தாளும் இல்லாமல் இந்தப் பக்கங்கள் சொல்லிவிடும். முகவரிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஆலயத்தைச் சுற்றி இருந்த புள்ளிகள் அடுத்த மலரில் தாம்பரம், ஆவடி என்று சிதறியிருந்தால், சபையார் ஞாயிறுதோறும் தூரத்திலிருந்து பயணம் செய்து வருகிறார்கள் என்று பொருள். ஏன் அருகிலிருக்கும் சபைக்குப் போகவில்லை? இப்படித்தான் நல்ல கேள்விகள் பிறக்கும்.

மலரில் இல்லாதவற்றுக்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். சாதி பற்றி ஒரு வரி இருக்காது. கல்லறைத் தோட்டத் தகராறு இருக்காது. பிரிந்து போனவர்கள் அடுத்த தெருவில் தொடங்கிய சபையின் பெயர் இருக்காது.

எங்கே கிடைக்கும்? நூலகங்களில் அரிது. விலையும் பதிப்பகமும் இல்லாத வெளியீட்டை யாரும் பட்டியலில் ஏற்றுவதில்லை. சபை அலுவலக பீரோவின் கீழ்த்தட்டு, முன்னாள் செயலாளர் வீட்டுப் பரண், மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பழைய புத்தகக் கடைகள் என்ற வரிசையில் தேடுங்கள். கிடைத்தவுடன் அட்டை முதல் அட்டை வரை, விளம்பரப் பக்கங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்துவிடுங்கள்.

நான்காம் படி: நூலகங்கள்

கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: துறைத் தலைவரோ நெறியாளரோ லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்த கடிதம் (ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக), ஆதார் நகல், புகைப்படங்கள், பென்சில். பழைய தாள்கள் உள்ள இடத்தில் பேனாவை அனுமதிக்காமல் போகலாம். போனில் படமெடுக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுவிட்டு எடுங்கள். வெளிநாட்டவர் என்றால் ஆய்வு விசாவும் அரசு ஆவணங்களுக்கான அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

எழும்பூரில் இரண்டு இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது வசதி. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் மதராஸ் அரசின் திருச்சபைத் துறை நடவடிக்கைகள் இருக்கின்றன. ஆனால் அந்தத் தலைப்போடு நின்றுவிட வேண்டாம். மிஷன் பள்ளிகளுக்கான மானியம் கல்வித் துறைக் கோப்புகளில் வரும். புறம்போக்கு நிலம், குடியிருப்பு மனை போன்றவை வருவாய்த் துறையிலும் தொழிலாளர் துறையிலும் வரும். சபையின் உண்மையான தலைவலிகள் இந்தக் கோப்புகளில்தான் இருக்கின்றன. 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகம், 1954 சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேரும் நூலகங்களில் ஒன்று. பெரிய பதிப்பகங்கள் போட்ட கிறிஸ்தவ நூல்கள் அங்கே கிடைக்கும். துண்டுப் பிரசுரங்களை எதிர்பார்க்காதீர்கள்.

தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களையும் பழைய இதழ்களையும் தேடலாம். பட்டியலை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டு, வேண்டிய எண்களைக் குறித்துக்கொண்டு போனால் நேரம் மிச்சம். கீழ்ப்பாக்கம் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரி இரண்டு வகையில் முக்கியமானது. லுத்தரன் சபைகளின் பழைய ஆவணங்கள் அங்கே உள்ளன. தலித் இறையியலை ஒரு கல்வித்துறையாக வளர்த்த இடங்களில் அதுவும் ஒன்று. தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மில்லர் நூலகம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்தவ ஆய்வுத் துறை, பூந்தமல்லி குருத்துவக் கல்லூரி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இறையியல் கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறையில் போகாதீர்கள். போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது பட்டம் வாங்கியிருக்கிறாரா என்று ஷோத்கங்காவில் தெரிந்துவிடும். தேடும்போது கிறிஸ்தவ, கிறித்தவ, கிறிஸ்துவ, கிறித்துவ என்று நான்கு விதமாகவும் அடித்துப் பாருங்கள்.

பின்னணிக்கு என்ன படிப்பது? சென்னையைப் பற்றியே எழுதப்பட்ட இரண்டைச் சொல்கிறேன். லயனல் கேப்ளன் 1987-இல் வெளியிட்ட நூல் மதராஸ் புராட்டஸ்டன்ட் நடுத்தர வர்க்கத்தைப் பற்றியது. நதானியல் ராபர்ட்ஸின் 2016 நூல், சென்னையின் குடிசைப் பகுதி ஒன்றில் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போகும் தலித் பெண்களைப் பற்றியது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே நகரத்தில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்று புரியும். காலனிய கால ஆங்கிலிக்கன் ஆலயங்களுக்கு ஃபிராங்க் பென்னி எழுதிய மூன்று தொகுதிகளும், கல்லறை வாசகங்களுக்கு ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட பட்டியலும் இன்னும் பயன்படுகின்றன. காட்டனின் பட்டியலில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள்தான் இருப்பார்கள். தமிழர் கல்லறைகளை நீங்கள்தான் கீழ்ப்பாக்கம், காசிமேடு என்று நடந்து போய்ப் பார்க்க வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கு பற்றி ஒரு வார்த்தை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம். இந்தக் கணக்கில் உட்பிரிவு கிடையாது. பிரிட்டிஷ் காலக் கணக்குகள் பலவற்றில் கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், லுத்தரன் என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதன் பிறகு யார் எந்தச் சபையில் எத்தனை பேர் என்று சொன்னாலும், அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: பதிவேடுகள்

ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் என்ற மூன்று பதிவேடுகளும்தான் சபையின் முதுகெலும்பு. பழைய ஆங்கிலிக்கன் பதிவேடுகளில் தகப்பனின் தொழிலும் வசிப்பிடமும் இருக்கும். திருமணப் பதிவேட்டில் மணமகள் கையெழுத்திட்டாளா, கைநாட்டு வைத்தாளா என்று ஆண்டுவாரியாக எண்ணினாலே பெண் கல்வியின் வரலாறு தெரியும். கோட்டை மரியாள் ஆலயத்தின் பதிவுகள் 1680 வரை பின்னோக்கிப் போகின்றன. அந்த ஆண்டில்தான், பின்னாளில் மதராஸ் கவர்னரான எலிஹு யேலின் திருமணம் அங்கே நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனுக்குப் போயின. அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தமிழ்ச் சபைகளின் பதிவேடுகளுக்கு அப்படி நகல் இருக்கும் என்று நம்ப முடியாது. சபை அலுவலகத்தில்தான் பார்த்தாக வேண்டும்.

அனுமதி மேலிருந்து வரட்டும். சி.எஸ்.ஐ. என்றால் திருமண்டல அலுவலகம், கத்தோலிக்கர் என்றால் சாந்தோம் பேராயர் இல்லம். அந்தக் கடிதத்தோடு போதகரையோ பங்குத்தந்தையையோ வாரநாளில் பாருங்கள். ஞாயிறு வேண்டாம். டிசம்பர் முழுக்கக் கேரல் பவனியும் ஆராதனைகளும் இருக்கும், புனித வாரத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. அப்போது போய்ப் பழைய பதிவேடு கேட்டால் நல்லவர்களும் எரிந்து விழுவார்கள். போதகர்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். பீரோ சாவி எங்கே, எந்தப் பதிவேடு வெள்ளத்தில் நனைந்தது, எது யார் வீட்டில் இருக்கிறது என்பது கோயில் பிள்ளைக்குத்தான் தெரியும். "அண்ணா, ஐயா" என்று மரியாதையாகப் பேசி அவருடன் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எச்சரிக்கை ஒன்று உண்டு, அதை நான் எளிதாகச் சொல்லவில்லை. பட்டியல் சாதிகள் பற்றிய 1950 குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்து, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கு விரியவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் பட்டியல் சாதிச் சான்றிதழ் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தபோது, அவருடைய ஞானஸ்நானமும் ஆதாரமாகப் பேசப்பட்டது. ஆகவே பதிவேட்டுப் பக்கம் ஒன்றை நீங்கள் படமெடுத்து ஆய்வேட்டில் ஒட்டினால், அது ஒரு பேத்தியின் வேலைவாய்ப்பைப் பறிப்பதில் போய் முடியலாம். உயிரோடு இருப்பவர்களுடைய, அவர்களின் பெற்றோருடைய பதிவுகளில் பெயரை எடுக்கவே எடுக்காதீர்கள். ஆண்டு, தொழில், பகுதி மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நெறியாளர் வற்புறுத்தினாலும் சரி.

ஆறாம் படி: ஆட்களிடம் பேசுவது

முதல் சில வாரங்கள் நோட்டுப் புத்தகமே வேண்டாம். ஆராதனைக்குப் போங்கள், பின்வரிசையில் உட்காருங்கள், முடிந்ததும் வாசலில் நில்லுங்கள். ஆராதனைக்குப் பின் வாசலில் யார் யாரோடு நின்று பேசுகிறார்கள், யார் நேரே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதில் நிறைய விஷயம் இருக்கிறது. குறிப்புகளை வீட்டுக்கு வந்து எழுதுங்கள்.

பெந்தெகொஸ்தே சபைகளில் புதியவர்களை எழுந்து நிற்கச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளச் சொல்வது வழக்கம். "நான் ஆய்வு மாணவன், உங்கள் சபையைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்" என்று அப்போதே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். ஒளித்து வைத்துப் பிறகு தெரியவந்தால் எந்தக் கதவும் திறக்காது. "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்பார்கள். உங்களுக்குச் சம்மதமென்றால் சரி என்று சொல்லுங்கள், இல்லையென்றால் கைகூப்பி மென்மையாக மறுத்துவிடுங்கள். இரண்டையும் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். நம்பிக்கை உள்ளவராக நடிப்பதுதான் கூடாது.

"எப்போது மதம் மாறினீர்கள்?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "இந்தச் சபைக்கு எப்போதிலிருந்து வருகிறீர்கள், அதற்கு முன் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள்?" என்று கேளுங்கள். பெந்தெகொஸ்தே சபையில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானவர்கள் சி.எஸ்.ஐ. அல்லது கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் என்பது அப்போது தெரியும். முதல் கேள்விக்கு அரசியல் நெடியும் உண்டு. 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து 2004-இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் காலத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதும் உங்கள் அடையாள அட்டையைக் கேட்பார்கள், கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

சாதியைப் பற்றி நேரடியாகக் கேட்டால் "எங்கள் சபையில் அதெல்லாம் இல்லை" என்றுதான் பதில் வரும். கல்யாணச் சம்பந்தம் எந்த ஊரில் எடுத்தீர்கள், சபைத் தேர்தலில் யார் யாருக்கு நின்றார்கள், கல்லறைத் தோட்டத்தில் உங்கள் குடும்பத்துக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பதில் தானாக வரும். பெண்களிடம் பேசுவதற்கு ஞாயிறு ஆராதனையைவிட வாரநாள் வீட்டு ஜெபக்கூட்டமும் உபவாச ஜெபமும் நல்ல இடம். பதிவுக் கருவியைப் போடுவதற்கு முன் கேளுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பிறகு சொன்னதை எழுதாதீர்கள்.

திருவிழா ஆய்வு என்றால் நாட்காட்டியைப் பாருங்கள். பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை விழா. பெரம்பூர் லூர்து ஆலயத்துக்குப் பிப்ரவரி 11.

ஏழாம் படி: இப்போது மிஷனரி தாள்கள்

உங்களிடம் இப்போது ஆட்களின் பேச்சும் மலர்களும் பதிவேடுகளும் இருக்கின்றன. இனி ஹாலே, லண்டன் அறிக்கைகளைத் திறக்கலாம். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு முதற்கொண்டு ஹாலேக்கு எழுதப்பட்ட கடிதங்களின் அச்சுத் தொகுப்பு இணையத்தில் உண்டு. ஜெர்மன் படிக்க வேண்டும். சென்னையைப் பொறுத்தவரை வேப்பேரியில் ஃபப்ரீசியுஸ் என்ற ஜெர்மன் மிஷனரி இருந்த காலம் முக்கியம். 1761-இல் புதுச்சேரியிலிருந்து கம்பெனிப் படை தூக்கி வந்த அச்சு இயந்திரம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேப்பேரி அச்சுக்கூடத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

படிக்கும்போது பெயர் இல்லாதவர்களைத் தேடுங்கள். "நம் உபதேசி சொன்னார்", "ஒரு விதவை வந்தாள்" என்ற வரிகளில்தான் சபை இருக்கிறது. உபதேசியார்கள், வேதாகமப் பெண்கள் (வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டியவர்கள்), பள்ளி வாத்தியார்களின் சம்பளப் பட்டியலோடு அந்த வரிகளைப் பொருத்திப் பார்த்தால் சில பெயர்கள் வெளியே வரும். தமிழர்கள் தாமே நடத்திய பத்திரிகைகளையும் சேர்த்துப் படியுங்கள். 1890-இல் மதராஸில் தொடங்கிய கிறிஸ்டியன் பேட்ரியட் என்ற ஆங்கில வாரப் பத்திரிகை இந்தியக் கிறிஸ்தவர்களே நடத்தியது. மிஷனரிகளோடு அது போட்ட சண்டைகளை மிஷன் அறிக்கைகளில் தேடினால் கிடைக்காது.

எட்டாம் படி: ஆசியா

தலைப்பில் ஆசியா இருக்க வேண்டுமென்றால் கொரியாவையும் ஜப்பானையும் ஆங்கில நூல்களிலிருந்து இரண்டு பக்கம் ஒட்டிவைப்பது வீண். உங்கள் சபையிலிருந்தே கடல் தாண்டிப் போகும் ஒரு கயிற்றைப் பிடியுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மியான்மர் தமிழ்ச் சபைகள் திறந்தே இருக்கின்றன. அந்தச் சபைத் தாள்களைப் படிக்க மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

கயிறுகளுக்குக் குறைவில்லை. 1862-இல் மதராஸில் அச்சான தமிழ் ஆங்கில அகராதியைத் தொகுத்த மைரன் வின்ஸ்லோ, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் வேலை செய்துவிட்டு 1836-இல் சென்னைக்கு வந்தவர். இரும்புலியூரில் தலைமையகம் கொண்ட பெந்தெகொஸ்தே மிஷன் 1920-களில் கொழும்பில் தொடங்கியது. 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடியது. முதலில் அது சீனாவின் ஹாங்சோவில் கூடுவதாக இருந்தது; ஜப்பான் படையெடுப்பால் இங்கே வந்தது. அதே ஆண்டில் பாண்டிபெத்தி செஞ்சையா, வெங்கல் சக்கரை போன்ற மதராஸ் சிந்தனையாளர்கள், இந்தியக் கிறிஸ்தவத்தைப் புதிதாக யோசிக்க வேண்டும் என்று ஒரு தொகுப்பு நூலே கொண்டுவந்தார்கள். கல்லூரி முகப்பில் நின்றுகொண்டே சீனா, ஜப்பான், மதராஸ் மூன்றையும் பேச வைக்கும் ஆய்வு இதில் இருக்கிறது.

எழுதி முடித்த பிறகு

ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தால், இருபது பக்கத்துக்குள் ஒரு தமிழ்ச் சுருக்கம் எழுதிச் சபைக்குக் கொடுங்கள். அவர்கள் தவறு காட்டுவார்கள். ஊர்ப் பெயர், உறவுமுறை, ஆண்டு போன்றவற்றில் பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும். கருத்தில் மாறுபட்டால் உங்கள் கருத்தை மாற்ற வேண்டியதில்லை, அவர்கள் மறுப்பையும் சேர்த்து எழுதுங்கள். ஆங்கிலக் கட்டுரைக்கு, இந்தியத் திருச்சபை வரலாற்றுச் சங்கத்தின் ஆய்விதழில் முதலில் முயன்று பார்க்கலாம்.

ஸ்கேன் செய்த மலர்களும் கூட்டக் குறிப்புகளும் உங்கள் மடிக்கணினியோடு போய்விடக் கூடாது. சபைப் பெயர், ஆண்டு, பக்கம் என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்து ஒரு பிரதியைச் சபைச் செயலாளரிடமும், சபை ஒப்புக்கொண்டால் இன்னொன்றை ஒரு நூலகத்திலும் கொடுங்கள். யார் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதைப் போதகர் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி இரண்டு பிரதிகளோடும் வைத்துவிடுங்கள். அவர் மாற்றலாகிப் போவதற்குள் வாங்கிவிடுங்கள்.